காந்தா: கழுத்தா, கந்தையா?

வங்கக் கிராமங்களில் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கிவைத்து ஓட்டுத்தையல் போட்டுத் தைக்கும் துணிக்குக் காந்தா என்று பெயர். கழுத்தைக் குறிக்கும் வடசொல்லே இதன் மூலம், நஞ்சுண்ட நீலகண்டனை நினைவூட்டுவது என்னும் விளக்கம் இன்று புடவைக் கடைகள் வரை பரவியிருக்கிறது. ரோமன் எழுத்தில் இரண்டு சொற்களும் ஒன்றாகத் தோன்றுவதால் வந்த மயக்கம் இது. கழுத்துக்குரிய சொல் தமிழில் கண்டம். அதன் டகரமே அதைக் காட்டிக்கொடுக்கும். துணிக்குரிய வடசொல்லான கந்தாவில் வருவது தகர ஒலி. சபா சபையாகவும் ஆசா ஆசையாகவும் ஆனதுபோல் அது தமிழில் கந்தை ஆயிற்று. வங்கத்தில் நகரம் மூக்கொலியாகத் தேய, முன்னின்ற அகரம் நீண்டது.

பொருளும் இதற்கே சான்று. தெருவில் கிடந்த கிழிசல்களால் ஆன துறவியின் உடையைப் பஜகோவிந்தம் கந்தா என்கிறது. பெரியபுராணத்து அமர்நீதி நாயனார் அடியார்க்கு வழங்கியவை கந்தை, கீள், கோவணம். இவற்றில் கழுத்துக்கு என்ன வேலை?

காந்தாவும் கந்தையிலேயே பிறக்கிறது. பழம்புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே தையலுக்கும் ஆகும். நடுவில் தாமரை, மூலைக்கொரு மரம், இடையில் மீனும் யானையும் தேரும். வெற்றிடத்திலும் தையல் நெருங்கி ஓடுவதால் துணி முழுதும் சிற்றலைபோல் சுருங்கும். குளிருக்குப் போர்த்துவது லேப், விரிப்பு சுஜனி, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைப்பது ஆர்சிலதா. பீகாரின் முசாபர்பூர்ப் பக்கத்துத் தையலுக்கும் சுஜனி என்றே பெயர்.

சித்திரம் செறிந்தது நக்ஷி காந்தா. கணவனைப் பிரிந்தவள் தன் வாழ்வைத் துணியில் தைக்கும் கதையை வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் பாட, அப்பெயர் நிலைபெற்றது. நக்ஷிக்கு மூலம் சித்திரம் தீட்டுதலைக் குறிக்கும் அரபுச் சொல். தமிழ்த் தட்டார் சொல்லும் நகாசு வேலையும் அதன் உறவே.

கந்தை தமிழிலிருந்து வடக்கே சென்றது என்பாரும் உண்டு. பொருநராற்றுப்படையில் ஈரும் பேனும் குடியிருந்த பொருநனின் ஒட்டுத்தையல் உடைக்குப் பெயர் சிதார், தைத்தலுக்குத் துன்னல். ஏழையின் கிழிசலுக்குத் தமிழில் பழஞ்சொல் இருக்க, கந்தையோ அடியார், துறவியர் உடையாகவே நூல்களில் முன்நிற்கிறது. அவர்களோடு தெற்கே வந்த சொல் அது என்பதே பொருந்தும்.