2 கொலை முயற்சி.. 38 ஆண்டு ஆட்சி.. மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் விட்டுச்சென்றது என்ன?

1972 ஆகஸ்ட் 16. பிரான்சில் இருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த மொராக்கோ மன்னரின் போயிங் 727 விமானத்தை நோக்கி, அவருடைய சொந்த விமானப்படையின் எஃப்-5 போர் விமானங்கள் வந்தன. மன்னருக்குப் பாதுகாப்பாக வருகின்றன என்று பார்த்தால், சுட ஆரம்பித்துவிட்டன. சேதமடைந்த விமானம் எப்படியோ ரபாத்தில் தரையிறங்கியது. மன்னர் இறந்துவிட்டதாக ரேடியோவில் பொய்த் தகவல் கொடுத்ததால்தான் தாக்குதல் நின்றது என்று சொல்லப்படுகிறது.

அந்த மன்னர்தான் இரண்டாம் ஹசன். 1961 முதல் 1999 வரை மொராக்கோவை ஆண்டவர்.

யார் இந்த ஹசன்?

17ஆம் நூற்றாண்டில் இருந்து மொராக்கோவை ஆளும் அலவி வம்சத்தில் 1929ல் பிறந்தவர். நபிகளின் வழித்தோன்றல்கள் என்று கூறிக்கொள்ளும் குடும்பம் இது. தந்தை ஐந்தாம் முகமதுவை 1953ல் பிரான்ஸ் நாடு கடத்தியபோது, குடும்பத்தோடு கோர்சிகாவுக்கும் பிறகு மடகாஸ்கருக்கும் ஹசனும் போனார். 1956ல் சுதந்திரம் கிடைத்தது. 5 ஆண்டுகளில் தந்தை திடீரென இறக்க, 31 வயதில் ஹசன் மன்னரானார்.

1962ல் வந்த அரசியல் சாசனம் தேர்தல், நாடாளுமன்றம் எல்லாம் தந்தது. ஆனால் அதே சாசனம் மன்னரை 'அமீருல் முஃமினீன்', அதாவது இறைநம்பிக்கையாளர்களின் தலைவர் என்றும் அறிவித்தது. எந்தக் கட்சியும் நெருங்க முடியாத இடம் அது.

1965 மார்ச்சில் காசாபிளாங்காவில் மாணவர் போராட்டம் வெடித்தது. ராணுவம் சுட்டது. ஜூனில் நெருக்கடி நிலை அறிவித்து, அடுத்த 5 ஆண்டுகள் மன்னரே நேரடியாக ஆண்டார். அதே ஆண்டு அக்டோபர் 29ல் எதிர்க்கட்சித் தலைவர் மெஹ்தி பென் பர்கா பாரிஸ் தெருவில் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். ஒரு காலத்தில் இளவரசர் ஹசனுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர் அவர். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

பிறந்தநாள் விருந்தில் துப்பாக்கிச்சூடு

விமானத் தாக்குதலுக்கு முந்தைய ஆண்டே ஒரு முயற்சி நடந்திருந்தது. 1971 ஜூலை 10, ஸ்கிராட் கடற்கரை அரண்மனையில் ஹசனின் 42வது பிறந்தநாள் விருந்து. ராணுவப் பயிற்சிப் பள்ளி வீரர்கள் உள்ளே புகுந்து சுட்டதில் பெல்ஜியம் தூதர் உட்பட ஏராளமானோர் இறந்தனர். ஒளிந்திருந்து உயிர் தப்பினார் மன்னர்.

இரண்டாவது முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் யார் தெரியுமா? பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் உஃப்கிர். மன்னரின் வலது கை என்று கருதப்பட்டவர். அன்றிரவே இறந்தார். தற்கொலை என்றது அரசு, ஆனால் உடலில் பல குண்டுகள் இருந்தன. மனைவி, 6 பிள்ளைகள் என்று குடும்பமே சிறைக்குப் போனது. கடைக்குட்டிக்கு அப்போது 3 வயது. விசாரணையே இல்லாமல் 1991 வரை அடைபட்டுக் கிடந்தார்கள்.

இல்லாத சிறை

இதைவிடக் கொடுமை தஸ்மாமார்ட். இரண்டு சதிகளிலும் தண்டனை பெற்ற 58 ராணுவத்தினர் 1973ல் இந்த ரகசியச் சிறைக்கு மாற்றப்பட்டனர். இருட்டு அறை, வைத்தியம் கிடையாது. 3 ஆண்டு மட்டும் தண்டனை பெற்றவர்கள்கூட 18 ஆண்டுகள் உள்ளே இருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் உயிரோடு வெளியே வரவில்லை. அப்படி ஒரு சிறையே இல்லை என்று அரசு சாதித்து வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜில் பெரோ 1990ல் எழுதிய புத்தகம் வெளிநாட்டு நெருக்கடியைக் கூட்டியது. அடுத்த ஆண்டு சிறை காலி செய்யப்பட்டது.

மக்களையே எல்லைக்கு அனுப்பிய மன்னர்

ராணுவத்தை நம்ப முடியாத மன்னருக்குக் கைகொடுத்தது சஹாரா. ஸ்பெயின் வசம் இருந்த மேற்கு சஹாராவுக்கு மொராக்கோ உரிமை கோரியது. அங்குள்ள மக்களே எதிர்காலத்தை முடிவு செய்யலாம் என்று 1975 அக்டோபர் 16ல் சர்வதேச நீதிமன்றம் கருத்து சொன்னது. அன்றைக்கே ஹசன் 'பசுமைப் பேரணி'யை அறிவித்தார். நவம்பர் 6ல், குர்ஆனும் கொடியும் ஏந்தி, ஆயுதம் இல்லாமல் 3.5 லட்சம் பேர் எல்லையை நோக்கி நடந்தனர்.

ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ மரணப் படுக்கையில் இருந்த நேரம். சில நாட்களிலேயே ஒப்பந்தம் போட்டு, ஸ்பெயின் விலகியது. நாட்டுக்குள் மன்னரின் செல்வாக்கு எகிறியது. எதிர்க்கட்சிகளும் அவர் பின்னால் நின்றன. ஆனால் தனிநாடு கேட்ட பொலிசாரியோ அமைப்புடன் 1991 வரை போர் நீடித்தது. அகதிகளாக ஓடிய சஹ்ராவி மக்கள் அல்ஜீரியாவின் டிண்டூஃப் முகாம்களில் இன்றும் இருக்கிறார்கள். இந்தியாவும் 1985ல் சஹ்ராவி குடியரசை அங்கீகரித்து, 2000ல் அதைத் திரும்பப் பெற்றது.

அணைகளும் மசூதியும்

நல்லதே செய்யவில்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. 10 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம் என்ற இலக்கோடு அவர் கட்டிய அணைகள் வறட்சிக் காலங்களில் இன்றும் கைகொடுக்கின்றன. காசாபிளாங்கா கடலோரத்தில் சுமார் 200 மீட்டர் உயர மினாராவுடன் நிற்கும் ஹசன் மசூதியும் அவர் காலத்து அடையாளம்தான். மக்களிடம் வசூலித்த பணத்தில் கட்டப்பட்டது. கட்டாய வசூல் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

கடைசிக் காலத்தில் மன்னர் கொஞ்சம் இறங்கி வந்தார். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் யூசுஃபியை 1998ல் பிரதமராக்கினார். 1999 ஜூலை 23ல் இறந்தார்.

பெயர் சொல்லக்கூடாது

மகன் ஆறாம் முகமது சில மாதங்களிலேயே தந்தையின் உள்துறை அமைச்சர் டிரிஸ் பஸ்ரியை நீக்கினார். 2004ல் நீதி, சமரச ஆணையத்தையும் அமைத்தார். பாதிக்கப்பட்டவர்கள் பேசியது டிவியிலேயே ஒளிபரப்பானது. ஆயிரக்கணக்கானோருக்கு இழப்பீடு கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: சித்ரவதை செய்தவர்களின் பெயரைச் சொல்லக்கூடாது. ஆணையத்துக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரமும் தரப்படவில்லை. பென் பர்காவுக்கு என்ன ஆனது என்பதற்கு அந்த ஆணையத்திடமும் விடை கிடைக்கவில்லை. அவரது வழக்கு பாரிஸில் அரை நூற்றாண்டு கடந்தும் மூடப்படாமல் இருக்கிறது.