மணி அழைத்த மழலைகள்



1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சிறுவர்களை அழைத்தார். செபங்களைத் தமிழில் அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பிறகு பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பித்தார்கள். 1545-இல் நம் மயிலையில் தங்கியிருந்து, கிழக்கே கடல் கடந்தார். அங்கே தெர்னாத்தே தீவில், வீண் பாட்டுகளுக்குப் பதிலாக விசுவாசப் பிரமாணத்தையே சிறுவர்கள் தெருவில் பாடினார்கள் என்று 1548-இல் மகிழ்ந்து எழுதினார்.

இன்று பாடகர் குழு பாடுகிறது. பிள்ளைகள் வாய்மூடி நிற்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் வட்டமாய் உட்கார்த்துங்கள். வரிக்கு வரி மணி கைமாறட்டும். மணி நிற்கும் கை அடுத்த வரியைப் பாடட்டும். தவறினால் எல்லோரும் சேர்ந்து கைதட்டி எடுத்துக்கொடுக்கட்டும். விளையாடிக் கற்ற பாட்டு வீட்டுக்கும் போகும்; அங்கே மாலைச் செபம் மீண்டும் எழும்.