கண்ணீர்தான் தோட்டா

1980-ல வந்த 'ரோக்'தான் இந்தக் குடும்பத்துக்கே கொள்ளுத்தாத்தா. செத்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்; ஒவ்வொரு தடவையும் வரைபடம் மாறிடும். அந்த வழியில 2011 செப்டம்பர்ல வந்தது 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்'. 'சூப்பர் மீட் பாய்' ஜெயிச்ச கையோட எட்மண்ட் மெக்மில்லன், ஃப்ளோரியன் ஹிம்சில்கூட சேர்ந்து ஃப்ளாஷ்ல செஞ்ச சின்னப் பரிசோதனை.

ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கப் போற பைபிள் கதைதான் மூலம். இங்க அசரீரி கேக்குறது அம்மாவுக்கு, கத்தியோட வர்றாங்க. பையன் பாதாள அறைக்குள்ள குதிக்கிறான். ஆயுதம்? அவனோட கண்ணீர். சுத்தியும் ஈ, பீ, ரத்தம். கையால வரைஞ்ச பெரிய தலைக் குழந்தை அழுதுக்கிட்டே சண்டை போடுறதைப் பாத்தா சிரிப்பு வரும். அடுத்த நொடியே ஏன் சிரிச்சோம்னு இருக்கும். மெக்மில்லன் மதப்பற்றுள்ள குடும்பத்துல வளர்ந்தவர். அதனால இதை வெறும் அதிர்ச்சி வியாபாரம்னு என்னால ஒதுக்க முடியல.

2012-ல 3டிஎஸ்-க்குக் கொண்டுவரப் பாத்தப்ப நிண்டெண்டோ மறுத்துடுச்சு. மத விஷயம்தான் சிக்கல். வேடிக்கை என்னன்னா, அந்த அறைகளோட அமைப்பே நிண்டெண்டோவோட 'செல்டா'வைப் பாத்து வந்ததுதான்! 2015-ல 'ரீபர்த்' பதிப்பு நியூ 3டிஎஸ்லயே வந்துச்சு. ஆனா அதுக்குள்ள அந்தக் கைக்கோடுகள் பிக்சலா மாறியிருந்துச்சு.