ஆல்ப்ஸ் மலைப் புகைவண்டி மார்க்கங்கள்

ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடக்கும் இருப்புப்பாதைகளுள் இயற்கைக் காட்சியை நாடும் பிரயாணிக்கு உகந்தவை, பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் அமைக்கப்பட்ட பழைய பாதைகளே. வண்டி ஏறத்தக்க சரிவைத் தேடிப் பள்ளத்தாக்குகளின் ஓரமாக வளைந்து வளைந்து உயர்ந்து, வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் மலையைக் குடைவது அக்காலப் பொறியியலாளரின் முறை. இவற்றுள் மூத்தது ஆஸ்திரியாவின் ஸெம்மரிங் பாதை. அந்த ஏற்றத்தில் வண்டியை இழுக்கவல்ல எஞ்சின் உருவாகாதிருந்த காலத்திலேயே வேலையைத் தொடங்கிய கார்ல் வான் கேகா, 41 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 1854-இல் நிறைவேற்றினார்.

இன்றைய பொறியியலோ அடிவாரத்திலேயே நேராகக் குடைகிறது. 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் கோத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தின் வழியே விரையும் வண்டி, ஏறக்குறைய இருபது நிமிஷம் இருளில் ஓடி, மலையைக் காட்டாமலே மறுபுறம் சேர்த்துவிடுகிறது. 1882-இல் திறக்கப்பட்ட பழைய பாதையிலும் 15 கிலோமீட்டர்ச் சுரங்கம் உண்டு; ஆனால் அதன் வாயிலை எட்டுவதற்கு வண்டி மலைக்குள்ளேயே வட்டமிட்டுத் திரும்பி உயரவேண்டியிருப்பதால், தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு வாசன் கிராமத்து மாதாகோயில் முதலில் தலைக்கு மேலாகவும், பிறகு ஏறத்தாழ நேர்மட்டத்திலும், இறுதியில் காலடியிலும் என மும்முறை தரிசனமாகிறது. ஆகையால் டிக்கட் வாங்குமுன், வண்டி எந்தச் சுரங்கத்தின் வழியே செல்கிறது என்று விசாரித்துக்கொள்வது அவசியம்.

சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டிலிருந்து ஸேன்ட் மோரிட்ஸ் வரை சுமார் எட்டு மணி நேரம் ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் 1930-இல் தொடங்கியது. செங்குத்தான பகுதிகளில் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையைப் பற்றி ஏறும் ஆப்ட் முறையை இம்மார்க்கத்திலும் காணலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நமது நீலகிரி ரயிலுக்கும் அதே சுவிஸ் முறையே ஆதாரம். ஓபரால்ப் கணவாயில் 2,033 மீட்டர் உயரத்தை கிளேசியர் எக்ஸ்பிரஸ் கடக்கிறது. எனினும் 1982-இல் ஃபூர்க்கா அடிவாரச் சுரங்கம் திறந்தபின், இவ்வண்டிக்குப் பெயர் தந்த ரோன் பனியாறு ஜன்னலிலிருந்து மறைந்துவிட்டது. இந்த இழப்பு சிறிதன்று.

ஒரே மார்க்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், கூர் நகரத்திலிருந்து இத்தாலியின் திரானோவுக்குச் செல்லும் ஆல்புலா–பெர்னினா பாதையே முதன்மையானது. 2008 முதல் இதன் பெரும்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமுமாகும். லாண்ட்வாசர் ஆற்றின் மேல் 65 மீட்டர் உயரத்தில் ஆறு கமான்களோடு வளைந்து செல்லும் கற்பாலம், மறுகரையில் செங்குத்துப் பாறையைத் தொட்டதுமே சுரங்கத்துக்குள் புகுகிறது. வளைவின் காரணமாக, பின்பெட்டியில் அமர்ந்தவர் தமது வண்டியின் முகப்பு பாறைக்குள் மறைவதைத் தாமே பார்க்கலாம். ஸேன்ட் மோரிட்ஸைக் கடந்தபின் மோர்ட்டராச் பனியாறும், பெர்னினா கணவாய்க்கருகே அடுத்தடுத்த இரு ஏரிகளும் தோன்றுகின்றன. லேய் நேயர் என்னும் கரிய ஏரியின் நீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கும், லாகோ பியாங்கோ என்னும் வெள்ளை ஏரியின் நீர் போ நதி வழியாக அட்ரியாட்டிக் கடலுக்கும் போய்ச் சேர்கின்றன. அங்கே 2,253 மீட்டர் உயரத்திலிருக்கும் பாதை, பல்சக்கரத்தின் துணையில்லாமல், ஆயிரத்துக்கு எழுபது என்னும் சரிவுவரை தாங்கி, நாற்பது கிலோமீட்டருக்குள் 429 மீட்டர் உயரமுள்ள திரானோவுக்கு இறங்குகிறது. பனிவெளியில் புறப்பட்டவர் அன்றே திராட்சைத் தோட்டங்களைக் காண்கிறார். வழியில் புரூசியோ என்னுமிடத்தில் வெட்டவெளியிலேயே வட்டமாக அமைந்த பாலத்தைச் சுற்றித் தன் கீழேயே வண்டி புகுந்து செல்வது, இறக்கத்தை அச்சரிவின் எல்லைக்குள் அடக்கும் உபாயமாகும்.

இப்பாதையில் ஓடும் பெர்னினா எக்ஸ்பிரஸின் கண்ணாடிக் கூரைப் பெட்டிகளுக்கு முன்பதிவும் தனிக்கட்டணமும் உண்டு. அவற்றின் ஜன்னல்கள் திறவா. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டிகளுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கிக் குளிர்ந்த காற்றை முகத்தில் ஏற்கலாம், வேண்டிய நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியையும் பிடிக்கலாம். புகைப்படம் எடுப்போர்க்கும் நிதானமாகக் காண விரும்புவோர்க்கும் இவையே மேல். தெற்கு நோக்கிப் போகையில் பனியாறும் வெள்ளை ஏரியும் வலப்புறம் தோன்றுகின்றன. ஸேன்ட் மோரிட்ஸ் அமைந்த எங்கடீன் பள்ளத்தாக்கின் லார்ச் மரங்கள் பொன்னிறமடையும் அக்டோபரில் செல்வது விசேஷம்.