தோளும் வில்லும்

பட்டிப்பளை ஆறு கல்முனைக்காரனுக்கு வயலுக்குத் தண்ணீர் தரும் ஆறு, அவ்வளவுதான். இங்கினியாகலையில் 1949இல் அணை கட்டத் தொடங்குமுன் அந்த ஆற்றின் மேற்பகுதிக் காடு வேடர்கள் வில்லோடு திரிந்த இடம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. செலிக்மன் தம்பதியர் 1907-08இல் அந்தப் பக்கங்களில் நடந்துதான் வேடர்களைப் பற்றிய பெரிய நூலை எழுதினார்கள். அது 1911இல் வெளிவந்தது. இன்று அந்தக் காட்டின் ஒரு பகுதி, அந்த அணையால் உருவான சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியில் கிடக்கிறது.

வேடனுக்கு வில்லை அவனே செய்துகொள்ள முடியும், அம்பு முனைக்கு மட்டும் கொல்லன் வேண்டும். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த றொபேட் நொக்ஸ், அந்தக் கொடுக்கல் வாங்கலை 1681இல் எழுதி வைத்தார். வேண்டிய முனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி, இறைச்சியோடு இரவில் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்களாம். செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இன்னோர் இரவில் அம்பு வரும். இதைவிடக் கறாரான வியாபாரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. நமது சோனக வியாபாரிகளும் சீலையும் கோடரியும் கொண்டுபோய்த் தேனும் மெழுகும் மான்கொம்பும் வாங்கி வந்தவர்கள். அந்த வில்லைக் கண்ணால் கண்டவர்கள் நம் மூத்தாப்பாமார்.

வேடனின் வில் ஏறக்குறைய ஆள் உயரம். அதைக் காலால் மிதித்து வளைப்பார்கள் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதினார். இது புதிய கதையல்ல. இந்தியக் காலாள் வில்லை நிலத்தில் ஊன்றி இடக்காலால் அழுத்தி இழுப்பான் என்று கிரேக்க எழுத்தாளர் அரியன் சொல்லியிருக்கிறார். கி.மு. 326இல் போரஸ் மன்னனின் வில்லாளிகள் அலெக்சாந்தரிடம் தோற்றதற்கு, மழைச் சேற்றில் வில்லை ஊன்ற முடியாமல் போனதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். என் வாப்பா முறிவு நெரிவு வைத்தியர், சீனடி அண்ணாவியாரும்கூட. அந்தத் தொழிலில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலையும் முதுகையும் வேலைக்கு இழுத்தவன் புத்திசாலி. ஆனால் வேட்டையில் உட்கார்ந்து காலால் இழுக்க நேரம் ஏது? வேடன் பதுங்கிப் பதுங்கி மானுக்குப் பக்கத்தில் போய்த்தான் எய்வான். பக்கத்தில் போகத் தெரிந்தவனுக்கு ராட்சத வில் தேவையில்லை. பாரமான வில்லைக் கேட்டது காடு அல்ல, போர்க்களம்.

போர்க்களத்து வில் எவ்வளவு பாரம் என்பதற்குச் சாட்சி கடலுக்குள் கிடந்தது. 1545இல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பலை 1982இல் தூக்கினார்கள். நூற்று முப்பதுக்கு மேற்பட்ட முழு விற்கள் கிடைத்தன. இழுவிசை 100 முதல் 185 இறாத்தல் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். குறைந்ததே 45 கிலோ. வில்லைவிட என்னைக் கவர்ந்தது அதனோடு கிடைத்த எலும்புகள். உங்கள் தோளின் உச்சியில் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு மேடு தட்டுப்படும். தோள்பட்டை எலும்பின் அந்த நுனி பிள்ளைப் பருவத்தில் தனித்துண்டாக இருந்து, இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளுக்குள் மற்ற எலும்போடு ஒட்டிவிடும். அந்தக் கப்பல்காரரில் வழக்கத்தைவிட மிக அதிகமான பேருக்கு அது ஒட்டவேயில்லை. சிறுவயது முதல் பார வில்லை இழுத்ததுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார் அவற்றை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட். கப்பலில் வேறு பார வேலையும் இருந்ததே என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு முன்னவர் சொல்வதே சரியாகப் படுகிறது. எட்டாம் ஹென்றியின் சட்டப்படி ஏழு வயது முதல் பதினேழு வரையான ஆண்பிள்ளைக்குத் தகப்பன் வில்லும் இரண்டு அம்பும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்டிலும் நல்ல தகப்பன்மார் இருந்தார்கள். 1549இல் அரசன் முன் பிரசங்கம் செய்த ஹியூ லாட்டிமர், தன் வாப்பா வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்லையே வாங்கித் தந்ததாகவும், வளர வளரப் பெரியதாக மாற்றியதாகவும், கைப்பலத்தால் அல்லாமல் உடம்பையே வில்லுக்குள் கொடுத்து இழுக்கப் பழக்கியதாகவும் சொன்னார். நமது கரைவலைக்காரன் இடுப்பில் வாரைக் கட்டி, பின்னே சாய்ந்து வலையை இழுக்கிறானே, அதுதான் இது. கையால் இழுக்கிறவன் அரைமணி தாங்கமாட்டான்.

நம்மவர் வரலாற்றிலும் பலசாலிகள் உண்டு. உஹதுப் போரில் அபூதல்ஹா (ரலி) இழுத்த இழுப்பில் இரண்டு மூன்று விற்கள் முறிந்தன என்பது புகாரியில் வருகிறது. ஆனால் பலத்தைப் பற்றி மட்டும் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. மம்லூக்குகள் காலத்தில், சுமார் 1368இல், தைபுகா என்ற வில்லாளி அறபியில் எழுதிய 'குன்யதுத் துல்லாப்' பயிற்சி நூல். இலேசான வில்லில் தொடங்கிப் படிப்படியாக ஏறச் சொல்கிறது. நாண் முன்கையில் அடிப்பது, பெருவிரல் காயப்படுவது போன்றவை ஏன் வருகின்றன, எப்படித் தவிர்ப்பது என்றும் பேசுகிறது. பெருவிரலால் நாணை இழுக்கிறவர்கள் கொம்பிலோ தந்தத்திலோ செய்த மோதிரம் போட்டுக்கொண்டார்கள். அழகுக்கு அல்ல, விரலைக் காக்க.

இப்போது சுன்னத் என்று சொல்லி வில் வாங்கும் இளைஞர்களை நம் ஊர்களிலும் காண்கிறேன். நல்ல காரியம். ஆனால் எடுத்த எடுப்பில் அறுபது இறாத்தல் வில்லோடு நிற்கிறார்கள். நாணை முழுதாக இழுக்கும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறது. அப்படி ஏறினால் தோளுச்சி மேட்டின் அடியில் ஓடும் தசைநாண் நசிகிறது. தசை சில வாரத்தில் பலப்படும், தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் பலப்படும். முழுதாக இழுத்து, தோள் இறங்கியபடி, கை நடுங்காமல் சற்றுப் பிடித்திருக்க முடியாத வில் உங்களுக்குரிய வில் அல்ல. இருபது இறாத்தலில் தொடங்குங்கள், சில இறாத்தலாக ஏறுங்கள். வலி தொடர்ந்தால் வில்லை வைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

தைபுகாவின் நூல் 1970இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நமது கரையில் அறபுக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அறபு தெரிந்த மௌலவி ஒருவரும் தோள் வைத்தியம் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதைத் தமிழில் கொண்டுவரலாம். முன்வருகிறவர்களோடு உட்கார நான் தயார்.