புதுப் பைப்பில் ஒரு புள்ளி



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஓய்வு பெறும் தன் மேலதிகாரிக்குப் பரிசளிக்க பிரையர் மரத்தில் செய்த புகையிலைப் பைப் ஒன்று வாங்கியிருக்கிறார். நம் பாட்டன் காலத்துச் சொல்லில் சுங்கான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு குழிகள். ஓரிடத்தில் மட்டும் சாயம் சரியாகப் பிடிக்காத ஒரு புள்ளி. "புதுப் பொருளில் இப்படி இருக்கலாமா சார்? ஏமாந்துவிட்டேனா?" என்று கேட்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் புள்ளிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பைப் புகைத்தாலும் வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் புற்றுநோய் வரும். சிகரெட்டைவிட இது பரவாயில்லை என்று யாரும் சமாதானம் தேட வேண்டாம். நான் சொல்லப்போவது மரத்தின் கதை. புகையின் பெருமை அல்ல.

ஐரோப்பாவில் புகையிலை பரவிய பிறகு நெடுங்காலம் களிமண் பைப்தான் சாதாரண மக்கள் கையில் இருந்தது. ஹாலந்தில் கௌடா நகரம் அதற்குப் பேர்பெற்றது. விலை மலிவு, ஆனால் கைதவறினால் உடைந்துவிடும், சூடும் கையைச் சுடும். வசதியானவர்கள் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கனிமத்தில் செதுக்கிய பைப்பை வைத்திருந்தார்கள். அது அழகு, ஆனால் அதுவும் உடையும், விலையும் அதிகம். மரத்தில் செய்யலாமே என்று பலர் முயன்றார்கள். பெரும்பாலான மரங்கள் தீயில் கருகி ஓட்டையாகிவிட்டன.

இதற்கு விடை கிடைத்த ஊர் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் கிளாட். துறவி ஒருவரின் நினைவிடத்தைத் தேடி யாத்திரிகர்கள் வந்த ஊர் அது. அவர்களுக்கு விற்க ஜெபமாலை மணிகளும் சிறு சிலைகளும் கடைந்து கொடுக்கும் கடைசல்காரர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பட்டறைகளை ஓட்ட ஆற்று நீரின் விசை இருந்தது. 1850-களில் அவர்கள் கைக்குப் பிரையர் வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிற்றூரில் பைப் செய்து பிழைத்தார்கள்.

பிரையர் என்பது என்ன? பிரெஞ்சு மொழியில் 'புருயேர்' என்றால் ஹீத் என்ற புதர்ச்செடி. அந்தச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் பிரையர் ஆனது. தாவரவியலில் இதன் பெயர் எரிகா ஆர்போரியா. கோர்சிகா, சார்டினியா, இத்தாலியின் கலாப்ரியா, அல்ஜீரியா, கிரீஸ் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய மலைச்சரிவுகளில் வளர்கிறது. பைப் செய்ய அதன் தண்டும் உதவாது, வேரும் உதவாது. இரண்டுக்கும் நடுவில், சேனைக்கிழங்கு மாதிரி மண்ணுக்குள் திரண்டு கிடக்கும் கட்டைதான் வேண்டும். அந்த வறண்ட மலைகளில் காட்டுத்தீ வந்து மேலே எல்லாம் சாம்பலானாலும், செடி இந்தக் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

நம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கட்டை வளர்வது கல்லும் மணலும் நிறைந்த மண்ணில். பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்லப் பருக்கும்போது பக்கத்தில் கிடக்கும் மணலையும் பொடிக்கல்லையும் தனக்குள் வாங்கிக்கொண்டே வளர்கிறது. மரமே அங்கங்கே சிறு பொந்து விட்டும் வளர்வதுண்டு. இந்தக் குறைகளைத் தொழிலில் மணல் குழி என்கிறார்கள்.

தோண்டியெடுத்த கட்டையை வெடிக்காமல் ஈரமாகவே வைத்திருப்பார்கள். அனுபவப்பட்ட ஆள் வட்ட ரம்பத்தின் முன் நின்று, விரிசல் எங்கே ஓடுகிறது, மரவரி எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் அளந்தே துண்டு போடுவார். பிறகு அந்தத் துண்டுகளை மணிக்கணக்கில் கொதிநீரில் வேகவைத்துச் சாற்றை வெளியேற்றி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். இவ்வளவுக்கும் பிறகு கடைசலில் ஏற்றிக் கிண்ணத்தைக் கடையும்போதுதான் உள்ளே இருக்கும் குழி வெளியே தெரியும். அதற்கு முன்னால் யாராலும் உறுதி சொல்ல முடியாது. முழு உழைப்பும் போட்ட பிறகு தெரியும் குறை இது. ஒரு குழியும் இல்லாமல் வரும் கிண்ணம் மிகச் சிலவே.

மீதியை என்ன செய்வது? தூக்கியெறிந்தால் தொழில் நடக்காது. நான்கு வழிகள் உருவாயின.

முதல் வழி, மறைப்பது. நம் ஊர்த் தச்சர்கள் மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு வைக்கிறார்களே, அதே வேலைதான். குழியை அடைத்து, அடர்ந்த சாயம் பூசி, வார்னிஷ் அடித்துவிட்டால் கடையில் பளபளக்கும். ஆனால் மக்கு, மரம் போலச் சாயம் குடிக்காது. சூடு ஏற ஏற நிறம் வேறுபட்டுக் காட்டும். சில நேரம் பெயர்ந்தும் விழும்.

இரண்டாவது, தரம் பிரிப்பது. லண்டனில் ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-இல் கடை திறந்து, சில ஆண்டுகளில் சொந்தமாகப் பைப் செய்யவும் தொடங்கினார். மக்கு வைக்காத பைப்பை அதிக விலைக்கு விற்பதே அவர் வழி. அப்படியானால் குழி விழுந்தவை எங்கே போகும்? 1920-களில் பார்க்கர் என்ற வேறு பெயரில் துணை நிறுவனம் ஒன்று வந்தது. முதல் தரத்துக்கு எட்டாத கிண்ணங்கள் அந்தப் பெயரில் விலைக்குப் போயின. திருப்பூர் பனியனில் நாம் வாங்கும் 'செகண்ட்ஸ்' மாதிரி. அதே கட்டை, அதே கைவேலை. பெயரும் விலையும்தான் வேறு.

மூன்றாவது, மேற்பரப்பை மாற்றுவது. டன்ஹில் 1917-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. கிண்ணத்தின் மேல் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் மென்மையான பகுதி தேய்ந்து, கடினமான வரி மட்டும் மேடாக நிற்கும். வழவழப்பு போய், சிப்பியின் முதுகு போல வரிவரியாகத் தெரியும். 'ஷெல்' என்று பெயர் வைத்தார்கள். அல்ஜீரியக் கட்டை சற்று மென்மையானது. வழவழப்பான பைப்புக்கு அவ்வளவாக ஏற்காத அதுவே இந்த வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது.

நான்காவது, கொத்துவது. உளி போன்ற கருவியால் மேற்பரப்பு முழுவதையும் சொரசொரப்பாகக் கொத்திவிட்டால் மேலோட்டமான குழிகள் அதோடு போய்விடும். இத்தாலியில் 1947-இல் தொடங்கிய காஸ்டெல்லோ பட்டறையின் 'ஸீ ராக்' என்ற கரடுமுரடான வகை சேகரிப்பாளர்களிடம் நல்ல பெயர் வாங்கியது.

குறைக்குப் பயந்து இந்த மரத்தை யாரும் விட்டுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டபோது அமெரிக்கர்கள் தங்கள் நாட்டு மவுண்டன் லாரல், மன்சனிட்டா கட்டைகளில் பைப் செய்து சமாளித்தார்கள். போர் முடிந்ததும் பிரையருக்கே திரும்பினார்கள்.

இப்போது மாணவருக்கான பதில். வெளிப்பக்கத்து ஊசிமுனைக் குழியால் பைப்புக்குக் கேடு ஒன்றும் இல்லை. அது மரத்தின் பிறவி மச்சம். பார்க்க வேண்டியது உள்பக்கம். நெருப்பு இருக்கும் இடத்தில் ஆழமான குழியோ விரிசலோ இருந்தால், அங்கே சுவர் மெலிந்து எரிந்து ஓட்டையாக வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நிறம் மாறிய புள்ளி மக்காக இருக்கலாம். முதல் தரம் என்று சொல்லி முதல் தர விலை வாங்கியிருந்தால் கடையில் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விலையைக் குறைத்து, விவரத்தையும் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றால் ஏமாற்று எதுவும் நடக்கவில்லை.

இந்த வரலாற்றில் நான் பார்ப்பது இதைத்தான். குறை வேறு, குறையை மறைப்பது வேறு. குழி, மரம் வளர்ந்த மண் கொடுத்தது. மக்கு, மனிதன் வைத்தது. கல் நிறைந்த மண்ணில் வளர்ந்த கட்டையை, நீ ஏன் கல்லை விழுங்கினாய் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் நேர்முகத் தேர்வில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்கள். சிலர் வீட்டில் பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் தொடங்கியிருக்கிறீர்கள். ஒருவரிடம் ஒரு புள்ளி தெரிந்தவுடன் 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்காதீர்கள். அது வெளிச்சுவரில் இருக்கிறதா, நெருப்புப் படும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தன் குறையைத் தானே சொல்பவரைவிட, ஒரு புள்ளியும் இல்லாமல் பளபளப்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே விசாரியுங்கள்.

மர வேலை, கடைசல் வேலை தெரிந்த மாணவர்கள் இதைப் படித்தால், நம் ஊர் மரங்களில் இப்படிப்பட்ட குறைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்