வனுவாட்டு: சின்னஞ்சிறு நாடு கேட்ட பெரிய கேள்வி

பசிபிக் பெருங்கடலில் சுமார் 80 தீவுகள் சேர்ந்த நாடு வனுவாட்டு. மக்கள் தொகை ஏறத்தாழ 3 லட்சம்தான். பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்ட இந்த நாடு 1980-ல் விடுதலை பெற்றது.

1991-ல் பருவநிலை ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அப்போது சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு ஒரு யோசனை சொன்னது. கடல் மட்டம் உயர்ந்து நிலத்தை இழப்பவர்களுக்கு ஒரு சர்வதேசக் காப்பீட்டு நிதி வேண்டும். தொழில்வள நாடுகள் தங்கள் வருமானத்துக்கும், வெளியிடும் கரியமில வாயுவுக்கும் ஏற்ப அதில் பணம் கட்ட வேண்டும். கணக்கு எளிது: ஆபத்தை உண்டாக்குபவர் பிரீமியம் கட்டட்டும்!

பணக்கார நாடுகள் ஏற்கவில்லை. 1992 ஒப்பந்தத்தில் 'காப்பீடு' என்ற சொல் மட்டும் மிஞ்சியது. எகிப்தில் நடந்த 2022 மாநாட்டில்தான் இழப்பீட்டு நிதிக்குச் சம்மதம் கிடைத்தது. 31 வருடங்கள்! அதிலும் ஒரு குறை. பிரீமியமாகக் கேட்டது, விருப்பப்பட்டவர் தரும் நன்கொடையாகவே வந்தது.

இதற்கிடையே 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 27 பேர் இன்னொரு வழியைக் காட்டினார்கள்: சர்வதேச நீதிமன்றத்தையே கேட்கலாமே? வனுவாட்டு அரசு அதைக் கையிலெடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஒப்புக்கொண்டது.

2025 ஜூலை 23-ல் பதில் வந்தது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. தவறினால் இழப்பீடு தர வேண்டி வரலாம். இது ஆலோசனைக் கருத்துதான், கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆனால் தானமாக இருந்ததைக் கடன் என்று சொல்ல வைத்தது ஒரு சின்ன நாட்டின் விடாமுயற்சி என்றால் மிகையாகாது.